துறைக்குச் சொந்தமான காற்று

காற்று யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள். அனைத்து நீர்நிலை மிதவைக் கலங்கள் பாதுகாப்பு, பராமரிப்பு, பயன்பாடு மற்றும் மேம்பாட்டுத் துறையில் யாரும் யோசிக்க மாட்டார்கள். ரப்பர் படகுக்கு வெளியே இருக்கிற வரைக்கும் காற்று ஊருக்குச் சொந்தம். உள்ளே போய்விட்டால் துறைக்குச் சொந்தம். வாசலில் உட்கார்ந்திருக்கும் கடைநிலை ஊழியருக்கும் இது தெரியும்.

அந்தத் துறையின் சமவெளிக் கிடங்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான் நம் லாரிக்காரன். கிடங்கில் காற்றடித்த படகுகளை ஏற்றி, மலைக்கு மேலே இருக்கும் ஏரியில் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. மடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் மேலே காற்றடித்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனுக்கும் தோன்றியது. முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்களாம். ஒரு தடவை மேலிடத்திலிருந்து ஒருவர் படகுகளைப் பார்வையிட வந்தார். மூட்டைகளைக் காட்டினார்கள். "படகைக் காட்டுய்யான்னா பொட்டலத்தைக் காட்டறியே" என்று கோபித்துக்கொண்டு, இங்கே படகே இல்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று முதல், துறையின் படகு எங்கே இருந்தாலும், எங்கே போனாலும், பார்ப்பதற்குப் படகாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

விதி வந்தால் சோதனையும் வரத்தானே செய்யும். அதற்குக் கட்டைவிரல் சோதனை என்று பெயர். விரல் அலுவலர் என்று ஒருவர் வந்து படகின் விலாவில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். குழி விழும். விரலை எடுத்துவிட்டுத் துறையின் முழுப்பெயரை ஒரு முறை சொல்லுவார். பெயர் முடிவதற்குள் குழி எழும்பிவிட்டால் படகு தேறிவிட்டது. மூக்கில் பச்சை நாடா கட்டுவார்கள். பெயர் முடிந்த பிறகும் குழி அப்படியே இருந்தால் தேறவில்லை. ஒரு துறைக்கு இவ்வளவு நீளமான பெயர் எதற்கு என்று வெளியே கேலி பேசுகிறவர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

அன்று காலை அவன் லாரிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். அவள் மலை ஏரியில் படகு ஓட்டுகிறவள். அதே துறைதான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அவளைவிட அவளுடைய துடுப்பைப் பார்த்துத்தான் அவன் பயந்தான். இப்போதும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டு, பிரியம் நிறைய உண்டு.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"கிடங்குலதான். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"குளிர்ல நடுங்குது. தீவுல மாட்டிக்கிட்டேன். படகு வெடிச்சிடுச்சு."

"ஐயையோ! உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. இயக்குநருக்கும் ஒண்ணும் ஆகல. அதான் தொல்லை. பேசிக்கிட்டே இருக்காரு."

நடந்தது இதுதான். ஏரிக்கு நடுவில் ஒரு பாறைத் தீவு. தீவு என்று சொன்னால் தீவுகள் கோபித்துக்கொள்ளும். ஒரு பாறை, நாலு புதர், அவ்வளவுதான். அங்கே துறை ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தது. 'அளவுக்கு மீறிக் காற்றுள்ள படகு ஆபத்து' என்று அதில் எழுதியிருந்தது. அதைத் திறந்துவைக்க இயக்குநரே வந்தார். ஏரியில் இருந்த ஒரே படகில் முதல் நடையாக அவரை அவள் அழைத்துப் போனாள். மற்ற அதிகாரிகள் இரண்டாவது நடைக்குக் கரையில் காத்திருந்தார்கள். கூட்டம் வரட்டும் என்று காத்திருக்கிற சுபாவம் இயக்குநருக்குக் கிடையாது. பலகையைத் திறந்தார், பேச ஆரம்பித்தார். போன வாரம் கீழே அடைத்த காற்றோடு மலை ஏறி வந்த படகு, அவருக்குப் பின்னால் வெயிலில் கிடந்து விம்மி விம்மிக் கடைசியில் டமார் என்றது. தனக்கு மரியாதையாக வெடி போடுகிறார்கள் என்று நினைத்து, இயக்குநர் திரும்பிப் பாராமலே தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார். கரையில் காத்திருந்த அதிகாரிகள், இரண்டாவது நடை இனி இல்லை என்று தெரிந்ததும் காலையிலேயே மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"நீந்திக்கூட வர முடியாதுங்க, தண்ணியில காலை வச்சா கால் இருக்கான்னே தெரியல. இங்க ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அவரு கம்பளிக் கோட்டு போட்டிருக்காரு. எங்கிட்ட இந்தச் சால்வைதான். இருட்டுறதுக்குள்ள ஒரு படகு வரலைன்னா நான் விறைச்சுப் போயிடுவேன்."

"வந்துட்டேன்னு நினைச்சுக்கோ."

"நினைச்சா குளிர் போகாதுங்க. வாங்க."

லாரிக்காரன் கிடங்கு மேலாளரிடம் ஓடினான். காற்றடித்துத் தயாராக இரண்டு படகுகள் இருந்தன. ஏற்றிக்கொள்ள உடனே அனுமதி கிடைத்தது. அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது.

"ஐயா, மேல போகப் போகப் படகு உப்புது. இங்கயே கொஞ்சம் காத்தைத் திறந்து விட்டுட்டுப் போகட்டுமாங்க?"

மேலாளர் டீ கிளாஸை மேசைமேல் வைத்தார்.

"உப்பும்னு எனக்குத் தெரியாதா? துறைக்கே தெரியும். உயர மாற்றப் பிரிவுன்னே தனியா ஒண்ணு இருக்கு. கீழ்த்தளத்துல. மாடி ஏறினா தலை சுத்துதுன்னு அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. விஷயம் அது இல்ல. திறந்து விடறேங்கறியே, அது யார் காத்து?"

"காத்துதானேங்க..."

"என்ன சொன்ன? காத்துதானேயா?" மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எத்தனையோ வருஷமா இந்தக் கிடங்குல இருக்கேன். இங்க திருட்டே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். கயிறு போயிருக்கு. துடுப்பு போயிருக்கு. ஒரு தடவை லாரியே போயிருக்கு. ஆனா காத்து? ஒரு மூச்சு வெளிய போனதில்ல! வால்வுல கை வைக்கற உரிமை காற்று வெளியேற்று அலுவலருக்கு மட்டும்தான். அந்தம்மா ரெண்டாவது சாவடியில இருக்காங்க."

"அது பாதி மலைக்கு மேலங்க. அதுக்குள்ள வெடிச்சிட்டா?"

"வெடிச்சா அது விபத்து. விபத்துக்கு யாரும் பொறுப்பில்ல. திறந்து விட்டா அது செயல். செயலுக்குத்தான் பொறுப்பு. புரிஞ்சுதா?"

புரியவில்லை. ஆனால் புரியாமல் தலையாட்டுவது அந்தத் துறையில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் கைவந்துவிடும். படகுகளை லாரியில் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டான்.

மலை ஏற ஏறக் காது அடைத்தது. படகுகள் மெல்ல மெல்ல விம்மின. கட்டிய கயிறு முறுக்கேறி முனகியது. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே, தாயே, தகப்பனே என்று ஓட்டிப் போய் முதல் சாவடியில் நிறுத்தினான்.

அங்கே விரல் அலுவலர் இருந்தார். அவருடைய வலது கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு கம்பளி உறை போட்டிருந்தார். அந்த விரலால் அவர் வேறு எந்த வேலையும் செய்வதில்லை. சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிடுவாராம். உறையைக் கழற்றி, விரலை ஊதிச் சூடாக்கிக்கொண்டு, படகின் விலாவில் வைத்து அழுத்தினார். முகம் சிவந்தது. இன்னும் அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. படகு அசையவில்லை.

"குழி விழலியேப்பா."

"உள்ள காத்து ஜாஸ்தியாயிடுச்சுங்க. ஏறி வந்தோம்ல."

"அது தெரியும்பா. உயர மாற்றம் பத்திப் போன வருஷம்தான் எங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. கடற்கரையில. நல்ல சாப்பாடு." அந்தச் சாப்பாட்டை நினைத்து உதட்டை நக்கிக்கொண்டார். "ஆனா குழி விழுந்தாத்தானே அது எழும்புதா இல்லையான்னு பாக்க முடியும்? விழாத குழி எழும்பிடுச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப என்னங்க செய்யறது?"

"குழி விழற இடத்துக்குப் போவோம்."

அவரே லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏறி வந்த மலையில் மறுபடி இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு லாரியை நிறுத்தி, அவர் இறங்கிப்போய் அழுத்திப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்து ஏறினார். ஒரு டீக்கடை வளைவில் ஒருவழியாகக் குழி விழுந்தது. விரல் அலுவலர் நிமிர்ந்து நின்று, கணீரென்று, "அனைத்து நீர்நிலை மிதவைக் கலங்கள் பாதுகாப்பு, பராமரிப்பு, பயன்பாடு மற்றும் மேம்பாட்டுத் துறை!" என்றார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ வாழ்த்துப் பாட்டாக்கும் என்று எழுந்து நின்றார்கள். குழி எழும்பிவிட்டது. இரண்டு படகுகளுக்கும் பச்சை நாடா கட்டப்பட்டது.

"இனிமே எவன் கேட்டாலும் என் விரலைச் சொல்லு" என்றார் அவர். பிறகு, மேலே எங்காவது தன் விரலுக்கு அவமரியாதை நடந்துவிடப் போகிறது என்று ஒரு சந்தேகம் தட்டவே, இரண்டாவது சாவடி வரைக்கும் தானும் வருவதாகச் சொல்லி மறுபடி ஏறிக்கொண்டார். அவருக்கு ஜன்னலோர இருக்கை வேண்டியிருந்தது.

பாதி வழியில் மனைவியின் போன் வந்தது. லாரியை ஓரங்கட்டினான்.

"எங்க வந்திருக்கீங்க?"

"காலையில எங்க இருந்தேனோ அங்கதான் சுத்தி வந்துட்டிருக்கேன். விரல் சோதனைக்குக் கீழ எறங்கிட்டு மறுபடி ஏறுறேன். ஆமா, உம் பக்கத்துலயே இயக்குநர் இருக்காருல்ல? அவர ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன். எல்லா சாவடியும் தானா திறந்துடும்."

இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அவன் தன் தலையில் தட்டிக்கொண்டான். போன் கை மாறியது. இயக்குநரின் குரல், வாயில் எதையோ மென்றுகொண்டே, கம்பீரமாக வந்தது.

"தம்பி, நான் ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. சந்தேகமே இல்ல. ஆனா அப்படி விட்டுட்டா, இந்தத் துறை எதுக்கு? நான் எதுக்கு? இந்த விதியெல்லாம் பாதுகாப்புக்காக நானே உக்காந்து யோசிச்சுப் போட்டது. என் பாதுகாப்புக்காக அதையே மீறினா, அப்புறம் விதியோட பாதுகாப்பு என்ன ஆகறது? மனுஷன் இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். தீவு இருக்கும். பலகை இருக்கும்."

"ஐயா, என் சம்சாரத்துக்குக் குளுருதுங்க."

"அவங்க ரொம்பப் பொறுமைசாலி. காலையிலேருந்து என் உரையைக் கேக்கறாங்க. இப்பதான் முன்னுரை முடிஞ்சிருக்கு."

போன் மறுபடி கை மாறியது. "ஏங்க," என்றாள் அவள் ரகசியமாக, "என் ரொட்டியையும் அவரே சாப்பிட்டுட்டாரு. சீக்கிரம் வாங்க. இல்லன்னா முடிவுரைக்குள்ள நான் போயிடுவேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியே வரம் தர மாட்டேன் என்று பாறைமேல் உட்கார்ந்திருந்தது. லாரிக்காரனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு லாரியை எடுத்தான்.

இரண்டாவது சாவடிக்கு வருவதற்குள் படகுகள் தர்பூசணிபோல இறுகிவிட்டன. காற்று வெளியேற்று அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். படகுகளைச் சுற்றி வந்தார். பச்சை நாடாவைத் தொட்டுப் பார்த்தார்.

"தேறின படகா?"

"ஆமாங்கம்மா. கொஞ்சம் காத்தைத் திறந்து விட்டா போதும், போயிடுவேன்."

"தேறின படகுல காத்து சரியாத்தான் இருக்கும். சரியா இருக்கற காத்தை நான் எதுக்குத் திறக்கணும்?"

"தொட்டுப் பாருங்கம்மா, இறுகிப்போய்க் கிடக்குது."

அவர் தட்டிப் பார்த்தார். டங் என்றது. "ஆமா, இறுகியிருக்கு. தேறின படகு இறுகியிருக்காது. அப்ப இது தேறின படகு இல்ல. நாடா வேற ஏதோ படகோட நாடா." இரண்டு படகின் நாடாவையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "இப்ப இது சோதனை ஆகாத படகு. சோதனை ஆகாத படகோட வால்வை நான் தொடக் கூடாது. கீழ போய்ச் சோதனை பண்ணிட்டு வாங்க."

அதுவரை லாரிக்குள் இருந்த விரல் அலுவலர் குதித்து இறங்கினார். "என்னம்மா சொல்றீங்க? இது என் விரல் பட்ட படகு!"

"உங்க விரல் பட்டா இவ்வளவு இறுக்கமா இருக்குமா?"

"என் விரலைப் பத்திப் பேசாதீங்க!"

"விரலைப் பத்திப் பேசாம விரல் அலுவலர்கிட்ட வேற எதைப் பத்தி சார் பேசறது?"

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். லாரிக்காரன் நடுவில் நின்று இருவருக்கும் கும்பிடு போட்டான். வானத்தைப் பார்த்தான், வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு சுற்றுக் கீழே போய் வந்தால் எல்லாம் முடிந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும், வால்வை நானே பிடுங்கிவிடுகிறேன் என்று அவன் ஓர் அடி எடுத்து வைத்தபோது, முதல் படகு டமார் என்று வெடித்தது.

சாவடிக் கூரையிலிருந்த பறவைகளெல்லாம் பறந்தன. விரல் அலுவலர் விரலை அக்குளில் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் போய்விட்டார். காற்று வெளியேற்று அலுவலர் சாவடிக்குள் ஓடி, மேசைக்கடியில் இருந்து அலறினார்: "இன்னொண்ணையும் தொறங்கய்யா! தொறங்க! எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு!"

லாரிக்காரன் தாவி ஏறி இரண்டாவது படகின் வால்வைத் திருகினான். புஸ்ஸென்று காற்று வந்தது. அந்தச் சத்தம் அவன் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

ஆனால் பயம் தெளிந்ததும் அந்த அம்மாவுக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது. "நிறுத்துங்க! வெளிய விடற காத்து துறையோட காத்து. அதைப் பத்திரமாப் பிடிச்சு, படகு எங்க போகுதோ அங்க ஒப்படைக்கணும்."

"காத்தை எதுலங்கம்மா பிடிக்கறது?"

அதற்கும் துறையில் வழி இருந்தது. போன மாதம் ஒருவர் ஓய்வு பெற்றபோது வாங்கிய பலூன்கள் அலமாரியில் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றாக வால்வில் மாட்டி, நிரப்பி, முடிச்சுப் போட்டு, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக லாரியின் பக்கவாட்டில் கட்டினார்கள். விரல் அலுவலர் முடிச்சுப் போட விரலைப் பிடித்துக்கொடுத்து உதவினார். இடது கை விரலைத்தான்.

வெடித்த படகு கந்தலாகத் தரையில் கிடந்தது. அதைக் குனிந்து பார்த்த காற்று வெளியேற்று அலுவலரின் முகம் மலர்ந்தது.

"இதுல கூடுதல் காத்து கொஞ்சம்கூட இல்ல. பாத்தீங்களா? இனிமே இது எந்த உயரத்துக்கும் போகலாம். இவ்வளவு பாதுகாப்பான படகை நான் பாத்ததே இல்ல." கையிலிருந்த பச்சை நாடாக்களில் ஒன்றில் 'எல்லா உயரத்துக்கும்' என்று எழுதி அதற்கே கட்டிவிட்டார். இரண்டாவது படகைக் காட்டி, "இதுக்கு நாடா கிடையாது. மேல ஏரியில சோதனை பண்ணிக்குங்க" என்றார்.

பலூன் லாரி மலை ஏறியது. வழியெல்லாம் குழந்தைகள் கையசைத்தார்கள். உயரம் கூடக் கூடப் பலூன்கள் பெருத்து, ஒவ்வொன்றாகப் பட், பட் என்று வெடித்தன. முதல் பலூனுக்குத் தூக்கிவாரிப் போட்டது, அப்புறம் பழகிவிட்டது. ஒரு வளைவில் பின்னால் வந்த காரை நிறுத்தி ஓர் அம்மாள், "அந்த நீலம் என்ன விலை?" என்று கேட்டார். "விக்கறதுக்கு இல்லீங்க, அரசாங்கக் காத்து" என்றான் அவன். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஏரிக்கரையை அடைந்தபோது மலைக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. தூரத்தில் பாறைமேல் இரண்டு உருவங்கள். ஒன்று நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது. இன்னொன்று சால்வையைப் போர்த்திக் குறுகி உட்கார்ந்திருந்தது. அந்தக் குறுகிய உருவத்தைப் பார்த்ததும் அவன் ஹார்னை விடாமல் அடித்தான். லாரியை நிறுத்தி, படகை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினான்.

"நில்லுங்க" என்றார் ஏரிக் காவலர்.

அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து கரையிலேயே நின்று, தீவைப் பார்த்துத் தேவைப்படும்போதெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தவர்.

"இந்த உயரத்துல ஒரு படகுல ஆள் ஏத்தணும்னா இயக்குநரோட விரல்தான் அழுத்தணும். வேற விரல் செல்லாது. அதுவரைக்கும் இதுல ஆள் ஏறக் கூடாது."

"இயக்குநரோட விரல் அங்கல்ல இருக்கு!"

"ஆமா. பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அந்த விரலைக் கூட்டிட்டு வரத்தானேங்க இந்தப் படகு?"

"எனக்கும் அது புரியுது. காலையிலேருந்து எனக்கு வேற என்ன வேலை, அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன்." காவலரின் கண் லாரியில் கிடந்த கந்தலின் மேல் விழுந்தது. "அதுல பச்சை நாடா இருக்கே! எல்லா உயரத்துக்கும் அனுமதி இருக்கற நாடா. நீங்க அந்தப் படகுல போங்களேன்."

"அது கிழிஞ்சு போச்சுங்க!"

"கிழிஞ்சிருக்குங்கறது உங்க அபிப்பிராயம். நாடா இருக்கறது உண்மை."

லாரிக்காரன் படகோடு தண்ணீர் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதுகில் குளிர்காற்று அடித்தது. கரையிலிருந்து தீவை நோக்கி அடிக்கிற காற்று. வெறுப்பில் படகை ஓர் எத்து எத்தினான். அது இரண்டு முழம் தண்ணீருக்குள் போய் நின்று, காற்று பட்டு, இன்னும் ஒரு முழம் போயிற்று. அவன் மெல்லத் திரும்பிக் காவலரைப் பார்த்தான்.

"ஏங்க, ஆள் இல்லாம இது தானாப் போனா?"

காவலர் விரல் விட்டு ஒவ்வொரு விதியாக எண்ணிப் பார்த்தார். "ஆள் இல்லாமப் போகக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. ஆள் இல்லாம அது எதுக்குப் போகும்னு யாருக்கும் தோணியிருக்காது."

துடுப்புகளை உள்ளே போட்டு, ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டான். படகு போயிற்று. நேராகப் போகவில்லை, நின்றது, சுற்றியது, திரும்பிக்கூடப் பார்த்தது. ஆனாலும் போயிற்று. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வருது, வருது, பிடிச்சுக்கோ!" என்று கத்தினான். காவலரும் தன்னை மறந்து விசிலடித்தார். அவள் பாறையிலிருந்து துணிந்து எட்டிச் சாய்ந்து படகின் மூக்கைப் பிடித்துவிட்டாள்.

போனை அவள் அணைக்கவில்லை. தீவில் நடந்ததெல்லாம் இங்கே கேட்டது.

"ஏறுங்கய்யா, போலாம்."

"பொறும்மா. சோதனை."

இயக்குநர் விரலை அழுத்தினார். குழி விழுந்தது. மனிதர் காலையிலிருந்து குளிரில் இருந்தவர். ரொட்டி தவிர ஒன்றும் சாப்பிடாதவர். வீட்டுக்குப் போகிற அவசரம் யாருக்குத்தான் இருக்காது. "அனைத்துநீர்நிலைமிதவைக்கலங்கள்பாதுகாப்புபராமரிப்புபயன்பாடுமற்றும்மேம்பாட்டுத்துறை" என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

குழி பாதிதான் எழும்பியிருந்தது.

"தேறலை" என்றார், தாழ்ந்த குரலில்.

"ஐயா, நீங்க வேகமாச் சொல்லிட்டீங்க. மறுபடி அழுத்தி, மெதுவாச் சொல்லுங்க."

"ஒரு படகை ஒரு விரல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அழுத்தலாம். இல்லன்னா வேண்டியவனுக்குத் தேறற வரைக்கும் அழுத்திக்கிட்டே இருப்பாங்க. நான் போட்ட விதிம்மா அது. நல்ல விதி. நாளைக்கு வேற படகு வரட்டும். நாம காத்திருப்போம். உரையில இன்னும் கொஞ்சம் இருக்கு."

பிறகு அவள் பேசினாள்.

"ஐயா, காலையிலேருந்து உங்க பேச்சை முழுசாக் கேட்டேன். என் ரொட்டியைக் குடுத்தேன். இந்தாங்க, இந்தச் சால்வையும் வச்சுக்குங்க. இதுக்கு மேல எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரர் அங்க நிக்கிறாரு. நான் போறேன்."

"தேறாத படகும்மா அது!"

"மிதக்குதே ஐயா."

துடுப்புச் சத்தம் கேட்டது. லாரிக்காரன் போனைக் கீழே போட்டுவிட்டு, முழங்கால் வரை அந்த ஐஸ் தண்ணீரில் இறங்கி நின்றான். அவள் கரை சேர்ந்ததும் தன் சட்டைமேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தி, இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்த்தான். திட்டலாம் என்று நினைத்து வந்த அவள், அவன் முகத்தைப் பார்த்ததும் திட்டவில்லை.

ஏரிக் காவலர் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. தேறாத படகுல யாரும் வர முடியாது. அதனால விதிப்படி நீங்க இன்னும் வரலை."

"உங்க முன்னாடி நிக்கிறேனேங்க."

"நிக்கிறீங்க. இல்லேன்னு நான் சொல்லல. எப்படி வந்தீங்கன்னு மேல கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? நீங்க அங்கதான் இருக்கீங்க."

அவள் தீவைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, அங்கயே இருக்கேன்னு வச்சுக்குங்க. பாவம், பெரியவருக்கும் துணையா இருக்கும்."

இருவரும் லாரியில் ஏறினார்கள். அவன் சாவியைத் திருகுவதற்குள் காவலரின் போன் அடித்தது. அவர் விறைப்பாக நின்று எடுத்தார். அந்த அமைதியில் இயக்குநரின் குரல் லாரி வரைக்கும் கேட்டது.

"அந்தம்மா கரை சேர்ந்துட்டாங்களா?"

"இல்லீங்கய்யா. விதிப்படி யாரும் வரலீங்க. நாளைக்குக் கிடங்குலேருந்து படகு வருதுங்க, காத்தோட. அதுவரைக்கும் தீவுல நீங்க ரெண்டு பேர் இருக்கீங்கய்யா."

"ரெண்டு பேரா?"

"ஆமாங்கய்யா."

"விதிப்படியா?"

"விதிப்படிதாங்கய்யா."

கடைசி வெளிச்சத்தில் பாறைமேல் அந்த ஒற்றை உருவம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பது தெரிந்தது. பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு, இயக்குநர் உட்கார்ந்திருந்த இடத்தில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.